சாய்த்து வைத்த ஜன்னல்

வீப்கே ஹார்ம்சன் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் படுக்கையறைச் சுவரை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் பூஞ்சை துணியோடு வந்தது. அடுத்த வாரமே திரும்பிவிடும் என்பது அவளுக்கும் தெரியும். அவள் கணவர் என்னோ ஹார்ம்சன் நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் இருந்தார். பூஞ்சை உள்ள அறைக்கு அவரை அனுப்ப மாட்டேன் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் அவரைக் கவனிக்கப்போகிற செவிலி நான். அறையைப் பார்க்கப் போயிருந்தேன்.

வீப்கே ஜெர்மனியின் ப்ரேமன் நகரில் ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவள். விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர் ப்ரூனிங்கோடு குளிர் தொடங்கியதிலிருந்து சண்டை.

"பூஞ்சைக்குக் காரணம் நான்தானாம், காத்தே விடறதில்லையாம்! நீங்களே பாருங்க சிஸ்டர், நாள் பூரா ஜன்னல் திறந்துதான் கிடக்கு."

திறந்துதான் கிடந்தது. மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து, கை நுழையும் இடைவெளியோடு. முழுதாகத் திறக்க முடியாதபடி விளிம்பெல்லாம் பூந்தொட்டிகள். இந்த ஊரில் பாதி வீடுகளில் இதே கதைதான்.

"ஜன்னலைச் சுத்தியிருக்கிற சுவரைத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். "ஐஸ் மாதிரி இருக்கு!"

"சாய்ச்சே வெச்சா காத்து மாறாது, சுவர்தான் குளிரும். மூச்சு ஈரமெல்லாம் அங்கதான் படியும். அஞ்சு நிமிஷம் அகலமாத் திறந்துட்டு மூடிடணும்."

"அப்போ அந்த மனுஷன் சொன்னது சரியா?" முகம் சுருங்கியது. பிறகு மேல் மூலையை அண்ணாந்து பார்த்தாள். அங்கே கறை பழுப்பாக இருந்தது, சுவர்த்தாள் உப்பியிருந்தது. "இது மழை பெஞ்சாத்தான் பெரிசாகுது. இது என் ஜன்னலால இல்ல."

உடனே கீழே இறங்கினாள். அவள் வாய்க்குப் பயந்து நானும் பின்னால் போனேன்.

ப்ரூனிங் சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தார்.

"ஜன்னல் விஷயத்துல தப்பு என்னோடது ஐயா. மேல் மூலையில மழை ஈரம் இறங்குறது உங்களோடது. கூரை ஓரத்து மழைத்தண்ணிக் குழாயைப் பாருங்க."

அவர் விழித்தார். "இதச் சொல்ல இவ்வளவு நாளாச்சா?"

"நீங்க ஏணி ஏற எவ்வளவு நாளாகும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலையில ஏறறேன். என்னோ எப்ப வர்றாரு?"

"சுவர் காஞ்சதும்."

மறுநாள் காலை ப்ரூனிங் ஏணியில் நின்று, குழாயை அடைத்திருந்த அழுகிய இலைகளை வாளியில் அள்ளிப் போட்டார். நனைந்த சுவர்ப்பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூச ஆளுக்கும் சொல்லியாயிற்று. மேலே வீப்கே தொட்டிகளைச் சமையலறைக்கு மாற்றினாள்; கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல்களை அகலத் திறந்து நின்றாள். பிறகு மூடி, ஹீட்டரைத் திருகினாள். நாங்கள் இருவரும் என்னோவின் கட்டிலை, பின்னால் காற்று ஓட இடம் விட்டு, வெளிச்சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம்.