நெற்றியில் மூன்று கோடு

நல்ல வெங்காயத்தைக் கையில் எடுத்தால் பச்சையம்மாளின் புருவம் தானாக மேலே ஏறும். மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் தோலை உரசி, மூக்கருகே கொண்டுபோவாள். காய் முதல்தரம் என்றால் நெற்றியில் மூன்று கோடு விழும். சுமார் என்றால் ஒன்றோ இரண்டோ. மோசம் என்றால் நெற்றி மெழுகிய களம்போல் வழவழவென்று கிடக்கும். மகள் மலர்கொடிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

குன்னம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய கடையில் சின்ன வெங்காயம் வாங்கி, திருச்சிக்கு லாரி ஏற்றிவிடுவது பச்சையம்மாளின் தொழில். அவள் வாயால் என்ன விலை சொன்னாலும் விவசாயிகள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"வாய் கெடக்கட்டும்க்கா, நெத்தியக் காட்டுங்க" என்பார்கள். மூன்று கோட்டைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு இறங்கிவர மாட்டார்கள். இருபது வருடமாகச் சொந்த நெற்றியே அவளைக் காட்டிக்கொடுத்துவந்தது.

மலர்கொடி அந்த வீட்டின் முதல் பட்டதாரி. வேதியியல் படித்துவிட்டுத் திருச்சியில் ஒரு தோல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். இந்த மேசைக்கா அத்தனை படிப்பு என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் வருவதற்குள் தொலைபேசி அடித்துவிடும். தை மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு அரியலூர். அம்மாவின் ஒட்டிய கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் போட்டோவில் நன்றாயிருக்குமே என்று தோன்றியது. ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை என்றதும் மார்கழியிலேயே அம்மாவை அழைத்துவந்துவிட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு வகை ஊசி இருக்கும்மா. ஃபில்லர்ங்கிறது ஜெல் மாதிரி. பள்ளமான எடத்துல போட்டா நிரவிடும், ஒரு வருசம்கூட இருக்கும். போடாக்ஸ் வேற. அது தசையத் தளர்த்திடும். நெத்தி சுருங்காது. ஆனா மூணு நாலு மாசந்தான்."

"ஒன்னு குழிக்கு மண்ணு தள்றது, இன்னொன்னு மாட்டப் புடிச்சிக் கட்டிப்போடறது. அப்புடித்தானுங்களே?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"கன்னத்துக்குப் போட்டுக்கம்மா" என்றாள் மலர்கொடி.

"கன்னமாடி யாவாரம் பண்ணுது?" பச்சையம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, மாட்டக் கட்டுனா புருவம் மேல போவாதுங்களே?"

"போகாது. ஆனா முழுசா நிறுத்துனா முகம் மரக்கட்டை மாதிரி ஆயிடும். கொஞ்சம் அசையற மாதிரி போடலாம்."

"மரக்கட்டையாவே போடுங்க. எந்தொழிலுக்கு அதாங்க வேணும்."

பத்து நாளில் நெற்றி அடங்கியது. நிச்சயதார்த்தப் போட்டோவில் பச்சையம்மாள் மாப்பிள்ளை வீட்டாரை நம்பாதவள்போல் நின்றாள். கடையிலோ கொண்டாட்டம். மூட்டை கொண்டுவந்தவர்கள் நெற்றியைப் பார்த்தார்கள், காயைப் பார்த்தார்கள், "அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்று தாங்களே இறங்கிவந்தார்கள்.

"ஒன் படிப்புக்கு இப்பதான்டி ஒரு பலன்" என்றாள் அம்மா. மலர்கொடியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்பாடு அவளுக்கே கூசியது.

தை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாயி வந்தாள். கணவன் போனபின் இரண்டு ஏக்கரைத் தனியாளாகப் பார்ப்பவள். அவள் காய்க்கு எந்த வருடமும் இரண்டு கோட்டுக்கு மேல் விழுந்ததில்லை. இந்த முறை மூட்டையை அவிழ்த்தபோது கடைக்குள்ளே சிவப்பு பரவியது. மலர்கொடிக்கே தெரிந்தது, இது முதல்தரம்.

பாப்பாயி காயைப் பார்க்கவில்லை. நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சையம்மாள் ஒன்றை எடுத்து உரசினாள். மோந்தாள். நெற்றி அசையவில்லை.

பாப்பாயியின் முகம் விழுந்தது. "இதுவும் தேறலயா பச்ச? ராத்திரி பகலா கெடந்தனே. சரி, நீயே ஒரு வெலயப் போட்டு எடுத்துக்க."

"ஏ பாப்பாயி, மொத தரம்டி! இப்புடிக் காய் நான் பாத்ததே இல்ல."

"எம்மேல எரக்கப்பட்டுப் பொய் சொல்லாத."

பச்சையம்மாள் முகத்தை இழுத்தாள், கண்ணை உருட்டினாள். கடைசியில் இரண்டு விரலால் புருவத்தை மேலே தள்ளிப் பிடித்தாள். ஒரு கோடுகூட விழவில்லை. மூட்டை தூக்க வந்தவர்கள் சிரித்தார்கள். பாப்பாயி சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஊசிக் கதையைச் சொல்லவேண்டியதாயிற்று.

பாப்பாயி கதையை முழுதும் கேட்டாள். முதல்தர விலையை வாங்கி மடியில் முடிந்தபின் சொன்னாள்: "துட்டு சரியாப் போச்சு. ஆனா அந்த மூணு கோடு எனக்குச் சேர வேண்டியது. அது கடன்."

அந்த வாரமே ஊரெல்லாம் கதை பரவியது. ஏமாந்தவர்கள் மூட்டையை வேறு கடைக்குத் திருப்பினார்கள். பச்சையம்மாள் ஒவ்வொருவர் வீடாகப் போய்க் விலையில் குறைத்ததைக் கொடுத்துவிட்டு வந்தாள். மலர்கொடியும் கூடவே போனாள். வாசலில் நின்றபோது யாரும் அவள் படிப்பைப் பற்றிக் கேட்காதது ஆறுதலாக இருந்தது.

சித்திரையில் புருவம் ஏறத் தொடங்கியது. "மாடு அவுத்துக்கிச்சு" என்று ஊரார் திரும்பி வந்தார்கள். ஆனால் பாப்பாயி அந்த இரண்டு ஏக்கரில் இந்த வருடம் வெங்காயத்துக்குப் பதில் மக்காச்சோளம் விதைத்துவிட்டாள்.

டவுன் பஸ் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னலிலிருந்து பாப்பாயி தன் நெற்றியைத் தட்டிக்காட்டுகிறாள். பச்சையம்மாள் உடனே புருவத்தை ஏற்றுகிறாள். மூன்று கோடும் பளிச்சென்று விழுகின்றன.

"வெறும் நெத்தி யாருக்கு வேணும்?" பஸ் நகர்ந்தபடியே குரல் வருகிறது. "எங்காயப் பாத்து ஏத்துடி!"