கிளறிற்றாவும் பெயர் மாறிய குதிரையும்

கிளறிற்றா யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் பிறந்தவர். அங்கே சொந்தக்காரர் இல்லாத கட்டாக்காலிக் குதிரைகள் கூட்டம் கூட்டமாக மேயும். ஆனாலும் அவர் முதன்முதலாக ஒரு குதிரையைத் தொட்டது லண்டனில்தான், அதுவும் நாற்பத்தேழாவது வயதில்.

அவர் தோர்ண்டன் ஹீத் பக்கம் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஒரே இருக்கையில் இருந்து இருந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏதாவது புதிதாகப் பழகுங்கள் என்றார் வைத்தியர். மகள் பிறேமினி பகிடிக்கு ஒரு குதிரைச் சவாரி வகுப்பைப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தாள்.

"இருந்து வந்த நோவுக்கு மருந்து திரும்பவும் ஏறி இருக்கிறதோ?" என்று கேட்டார் கணவர் நிர்மலன்.

குரொய்டனுக்கு அப்பால் இருந்த அந்தச் சின்னச் சவாரிப் பள்ளியில் கிளறிற்றாவுக்குக் கிடைத்த குதிரை மேஜர். செம்பழுப்பு நிறம், பெரிய வயிறு, இடது காது நுனியில் எப்போதோ கடிபட்ட வெட்டு. மூன்று அடி வைப்பான், நிற்பான், யோசிப்பான். "இப்பிடி நான் பஸ் ஓட்டினா வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்" என்று அவனிடம் தமிழில் சொல்வார். தேய்த்துவிடும்போது அவன் முழுப் பாரத்தையும் அவர் தோளில் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடுவான். எட்டு வருடச் சனிக்கிழமைகள் இப்படியே போயின. இடுப்பு நோவு எப்போது மாறியது என்பது அவருக்கே நினைவில்லை.

பிறகு பள்ளியை மூடினார்கள். குதிரைகள் ஒவ்வொரு பக்கமாகப் போயின. மேஜரை நாங்களே வாங்கினால் என்ன என்று கேட்டார் கிளறிற்றா.

"மூண்டாம் மாடியிலை எங்கையப்பா கட்டுறது? கார் நிப்பாட்டவே பேர்மிட் கிடைக்கேல்லை" என்றார் நிர்மலன்.

அவர் சொன்னது சரிதான். அதனாலேயே கிளறிற்றா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

ஆறு வருடம் கழிந்தது. போன செப்டெம்பரில், அதே தடத்தில் பஸ் ஓட்டும் சிவரூபினி சாப்பாட்டு அறையில் தன் போனை நீட்டினாள். சிங்ஃபர்டில், எப்பிங் காட்டு ஓரத்தில், வயதான குதிரைகளைத் தேய்த்துவிட ஆள் தேடுகிறார்கள். படத்தில் நுனி வெட்டுப்பட்ட ஒரு காது.

"சிவா, இது எங்கட மேஜர்."

"ஜெரல்ட் எண்டெல்லோ போட்டிருக்கு, அக்கா."

"அப்ப அவைக்குத்தான் பிழை."

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை கிளறிற்றா புறப்பட்டார். "நான் எட்ட நிண்டு பாக்கிறன்" என்ற நிபந்தனையோடு நிர்மலனும் வந்தார். இடத்தை நடத்திய மிஸிஸ் வெப் என்ற வெள்ளைக்கார அம்மா வேலிப் படலையைத் திறந்துவிட்டார். இருபத்தெட்டு வயது மேஜர் முகமெல்லாம் நரைத்து நின்றான். கிளறிற்றாவைக் கண்டும் காணாதவன்போலக் கடந்து, நேரே நிர்மலனிடம் போய் அவருடைய கோட்டுப் பையை முகர்ந்தான். அதற்குள் ஒரு அப்பிள் இருந்தது.

"கிளறிற்றா, இவனைக் கொஞ்சம் பிடியும்" என்றார் நிர்மலன், அசையாமல்.

"எட்டு வருசம் நான் சுமந்தன், கொஞ்சுறது உங்களையோ?"

அவனல்லவா தன்னைச் சுமந்தான் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தூரிகையை எடுத்துக் கழுத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினார். அவர் வாய் தன்பாட்டில் பழைய ஏச்சுகளை ஏசிக்கொண்டிருந்தது. மேஜரின் காது திரும்பியது. மெல்ல, ஒரு பக்கமாக, முழுப் பாரத்தையும் அவர் மேல் சாய்த்தான். ஜெரல்ட் இப்படி யாரிடமும் செய்ததே இல்லை என்றார் மிஸிஸ் வெப்.

"தள்ளடா அங்கால, எனக்கும் அறுபத்தொண்டு" என்றார் கிளறிற்றா. ஆனால் அவர் விலகவில்லை. கண்ணீரை அவனுடைய பிடரி மயிரிலேயே துடைத்துக்கொண்டார்.

ஏறிப் போகிற வயதை அவன் கடந்துவிட்டதால், கயிற்றில் பிடித்துக் காட்டுக்குள் நடத்திப் போனார்கள். பீச் மரங்கள் செப்பு நிறமாகியிருந்தன. ஒவ்வொரு காற்றுக்கும் மஞ்சள் இலைகள் சுழன்று சுழன்று விழுந்தன. ஒன்று மேஜரின் நெற்றியில் ஒட்டிக்கொண்டு கனதூரம் வந்தது. ஓக் காய்கள் குதிரைக்கு நஞ்சு என்று மிஸிஸ் வெப் சொல்லிவிட்டதால், நிர்மலன் முன்னால் போய் ஒவ்வொரு காயாகக் காலால் தட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார். எட்ட நிற்க வந்த மனுசனுக்கு வியர்த்துப்போயிற்று.

பாதை குறுகிய இடத்தில் மேஜர் நின்றான். யோசித்தான். பின்னால் நான்கு சைக்கிள்களும் ஒரு குழந்தை வண்டியும் வரிசையாக நின்றன. கிளறிற்றாவுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஈர இலை வாசமும் குதிரை வாசமும் கலந்து வர, தலைக்குமேல் கிளைகளுக்குள்ளால் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் ரயிலில் சிவரூபினிக்குச் செய்தி அனுப்பினார்: இனி மாதம் இரண்டு சனிக்கிழமை ஷிப்டை மாற்றித் தர ஏலுமோ?

"ஓம் அக்கா. ஆனா என்ரை ஞாயிறுக் காலமை ஷிப்டை நீங்கள்தான் செய்யவேணும்" என்று பதில் வந்தது.

கிளறிற்றா சற்று யோசித்தார். தேவாலயத்தில் ஞாயிறு பின்னேரமும் பூசை இருக்கிறதுதானே. சம்மதம் என்று எழுதி அனுப்பினார்.