சுண்டுவிரல் மட்டும் முழித்திருந்த பகல்

பாப்பா, தம்பி, உங்கள் இருவருக்கும் இது சரியாக நினைவிருக்காது. பாப்பா அப்போது மூன்றாம் வகுப்பு, தம்பி பால்வாடி. எனக்கு வலது தோளில் ஜவ்வு கிழிந்து, மதுரையில் ஆப்பரேஷன் செய்த நாள் அது.

உச்சிப்புளியைச் சுற்றி வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துத்தான் நம் வீட்டு அடுப்பு எரிந்தது. தலைக்கு மேலே ரோலரைப் பிடித்துத் தள்ளும் கை அது. தோளுக்கு மேல் தூக்கவே முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

முழு மயக்கம் வேண்டாம், கையை மட்டும் மரக்கச் செய்தால் போதும் என்றார் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா. கழுத்தில் குளிர்ச்சியாக எதையோ தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார். அதைப் பார்த்ததும் உங்கள் நினைப்புதான் வந்தது. இராமநாதபுரத்தில் உங்கள் அம்மா வயிற்றில் அதை வைத்தபோதுதானே உங்களை முதன்முதலில் பார்த்தேன்.

“டாக்டரம்மா, இது பிள்ள பாக்குற மிஷின்ல?”

“இன்னைக்கு உங்க நரம்பப் பாக்குறோம்ணே. அசையாம இருங்க.”

திரையில் கரிய வட்டங்கள், நாவல்பழங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்ததுபோல. ஊசி வெள்ளைக் கோடாக வந்து பக்கத்தில் நின்றது. மருந்து இறங்கியதும் கையைத் தூக்கச் சொன்னார். கொஞ்சம் தூக்கினேன். சற்று நேரத்தில் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

ஆப்பரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் உங்கள் அம்மாவிடம் சொன்னேன்: “அந்தக் கையக் கொஞ்சம் எறக்கி விடு. மேலேயே நிக்குது.”

“கை கட்டுக்குள்ளதான கெடக்கு. இங்கன வந்தும் பெயிண்ட் அடிக்கிற நெனப்பா?”

குனிந்து பார்த்தேன். கழுத்துப் பட்டையில் யாருடைய கையோ போல என் கை கிடந்தது. சாயங்காலத்துக்குள் உணர்ச்சி வந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வராவிட்டால்?

தம்பி கட்டிலில் ஏறி, “அய்யா, கை செத்துப்போச்சா?” என்றான்.

“ஏலே, வாயில போடுவேன்,” என்றாள் அம்மா.

பாப்பா, உனக்கு அதற்குள் ஒரு விளையாட்டு தோன்றிவிட்டது. “கண்ண மூடுங்க. எந்த வெரலத் தொடுறேன், சொல்லுங்க.”

“சுண்டுவெரல்.”

சரிதான். அது மட்டும் எப்படியோ முழித்திருந்தது. சில பேருக்கு அப்படி இருக்கும் என்றார் நர்ஸ்.

“இப்ப?”

“கட்டவெரல்,” என்றேன், உன் முகம் வாடக் கூடாது என்று.

“நா தொடவே இல்ல.”

தம்பி கட்டிலில் உருண்டு சிரித்தான். அப்புறம் பகல் முழுக்க அந்தச் சுண்டுவிரலுக்கு உங்கள் இருவருக்கும் போட்டி. ஒருவர் விட்டால் மற்றவர் பிடித்துக்கொள்வீர்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருந்து நீங்கள் போன் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிடிதான் ஞாபகம் வருகிறது.

பொழுது சாய்கையில் தோளுக்குள் வலி மெல்ல எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

“கட்டவெரல்,” என்றேன்.

“பொய் சொல்லாதீக,” என்று சொல்லி, பாப்பா, நீ அதை நகத்தால் அழுத்திக் கிள்ளினாய். விரல் வெடுக்கென்று மடங்கியது. அம்மா உன் கையைத் தட்டிவிட வந்தாள்.

“விடு,” என்றேன். “இன்னொரு வாட்டி கிள்ளு, தாயி.”