காந்தப் பட்டன் வைத்த மூடிகள்

என் வீட்டுக்காரர் காலமெல்லாம் அடுத்தவர்களின் பாய்மரப் படகுகளைப் பராமரித்தவர். வெளிநாட்டுக்குப் போன ஒரு முதலாளி தன் பழைய சின்னப் படகை அவருக்கே விட்டுவிட்டுப் போனார். தாராவியில் கால் நீட்ட இடமில்லாத வீடு, கடலில் எங்களுக்கு ஒரு படகு! சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், வயிற்றெரிச்சல்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன, வலது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. மழைக்காலத்துக்காகப் படகைச் சிவ்ரி துறைமுகம் பக்கம் கரையேற்றியிருந்தோம். உள்ளே உட்கார்ந்தால் தலைக்கு மேலே வெள்ளைப் பலகைக் கூரை, அதில் அங்கங்கே கை நுழைகிற ஓட்டைகள். மேல்தளத்துச் சாமான்களைப் பிடித்திருக்கும் நட்டுகளை அந்த ஓட்டை வழியாகத்தான் முடுக்க வேண்டும். நட்டு தளர்ந்தால் தண்ணீர் சொட்டும். முடுக்குவதை அவர் இடது கையாலேயே செய்துவிடுவார். ஓட்டையை மூடிய பலகைகள்தான் வம்பு, எல்லாம் ஸ்குரூ போட்டவை. ஒரு கை பலகையைத் தாங்க வேண்டும், ஒரு கை திருக வேண்டும். இரண்டு மூன்று தரம் ஸ்குரூடிரைவர் நழுவி விழுந்தது.

"சவத்த வித்துருவோம்ட்டி," என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! அந்தப் படகில் மறுபடி ஏற வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து நடந்தார். அதை விற்றால் மனிதர் திரும்பப் படுத்துவிடுவார் என்று பயந்தேன்.

நான் ஒரு பட்டறையில் லேடீஸ் பேக் தைக்கிறவள். எங்கள் கார்கானாவில் எதை மூடினாலும் காந்தப் பட்டன்தான். கிட்டே கொண்டுபோனால் டக்கென்று ஒட்டும், ஒரு விரலால் நெம்பினால் திறக்கும். பலகைகளுக்கு வெள்ளை ரெக்சின் இழுத்து ஒட்டி, ஸ்குரூவுக்குப் பதிலாக மூலைக்கு ஒரு பட்டன் வைத்தேன், அதன் ஜோடியைக் கூரையில் பதித்தேன். வலது கை விரலாலேயே அவர் ஒன்றைத் திறந்துவிட்டார்.

"ஏட்டி, பர்ஸ் மாதிரில்லா இருக்கு!"

நோய்க்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். விற்கிற பேச்சும் நின்றது.

படகைக் கடலில் இறக்கிய பிறகு, தன் பழைய கூட்டாளியோடு நாலைந்து தடவை போய்வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நானும் போனேன். இளவெயில் நேரே முகத்தில் அடித்தது. அறைச் சுவரில் இருந்த திசைகாட்டியைப் பார்த்தேன். நாங்கள் வடக்கே போகிறோமாம்!

"ஏங்க, சூரியன் எப்பலேருந்து வடக்க உதிக்கி?"

அவர் பாயைப் பார்த்தபடி சொன்னார்: "அது கொஞ்ச நாளாவே அப்படித்தான் கெடக்கு. உன் பட்டன் முள்ள இழுக்கு."

பேக்கில் முள்ளும் கிடையாது, திசையும் கிடையாது. எனக்கு எப்படித் தோன்றும்? ஆனால் கடலிலேயே கிடந்த மனிதருக்கு முதல்நாளே தெரிந்திருக்கிறது.

"பனிமூட்டத்துல எங்கயாவது போயி மோதிருந்தா? வாயத் தொறந்து சொல்ல மாட்டியளோ?"

"நீ எனக்காவ மெனக்கெட்டுத் தச்சது. பிடுங்குன்னு எப்படிட்டி சொல்ல?"

கரை வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். இப்படியும் ஒரு மனுஷனா! கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. உப்புக் காற்று என்றேன். அவர் நம்பவில்லை.

மறுவாரம் எல்லாக் காந்தத்தையும் பிடுங்கினேன். பதிலுக்கு வெல்க்ரோ ஒட்டினேன். அதைப் பிரிக்கப் பலமாக இழுக்க வேண்டும், அதனால்தான் முதலில் வேண்டாம் என்று வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு மூடியிலும் ஸ்கூல் பேக்கின் மேலே இருக்குமே, அந்த மாதிரி ஒரு நாடாக் காது தைத்தேன், முழுக் கையும் நுழைகிற அளவுக்கு. அவர் வலது கையை மணிக்கட்டு வரை விட்டு உடம்போடு சாய்ந்தார். கர்ரென்று பிய்ந்து மூடி என் தலையில் விழுந்தது.

"ஐயோ, கொல்லப் பாக்கியளா!"

தலையைத் தேய்த்துக்கொண்டே திசைகாட்டியைப் பார்த்தேன். முள் ஒழுங்காக வடக்கைப் பார்த்து நின்றது. அவருக்கு அதெல்லாம் கவனமில்லை. மூடியை ஒட்டுவதும் பிய்ப்பதுமாக இருந்தார், அதுவும் அந்த வலது கையாலேயே.

"போதும், கிழிச்சிராதிய. இந்தப் படக யாரோ விக்கணும்னாங்களே?"

"யாருட்டி சொன்னா?" என்றபடி அடுத்த காதுக்குள் கையை விட்டார்.