குதிரைப் புல்வெளி வழக்கும் நான் கொண்டுபோன சூப்பும்

1. யன்னலால் பார்த்தது

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எங்கள் பக்கம் தோற்றுக்கொண்டிருந்தது. குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சாப்பாடு கொடுக்கிற யன்னல் ஒன்று உண்டு. அதால் தலையை நீட்டிப் பார்த்தேன். கம்பனிக்காரர் காலை நீட்டி வசதியாக இருந்தார். ஊர்ச்சனம் பூசைக்கு வந்ததுபோல கையைக் கட்டிக்கொண்டிருந்தது. வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய இதற்கு மேல் படிப்பு வேண்டியதில்லை. நல்ல காலம், என்னிடம் படிப்பு இல்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில், பீலெஃபெல்டில் இருந்த மகனுக்குக் கிழக்கே, லௌசிட்ஸ் பக்கம் வேலை மாறியபோது நானும் பெட்டியோடு வந்துவிட்டேன். வீட்டில் சும்மா இருந்தால் மருமகளுக்குப் பிரஷர் ஏறும் என்பதால், ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் குசினி உதவிக்குப் போனேன். முதலாளி பெயர் ஹங்கா. எல்லோரையும்போல நானும் அவரை ‘செஃபின்’, அதாவது முதலாளியம்மா, என்பேன்.

ஹங்காவும் அந்த ஊர்ச்சனமும் சோர்பியர். ஜெர்மன்காரர் அந்தப் பக்கம் வருவதற்கு முதலே இருந்த சனம். தனிப் பாஷை, தனி உடுப்பு, தனிக் கொண்டாட்டம் எல்லாம் உண்டு. நாடு மட்டும் தனியாக இல்லை. இலங்கைத் தமிழச்சி எனக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஊருக்குப் பின்னால் ஒரு பெரிய புல்வெளி. ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஆம்பிளைகள் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாகக் குதிரையில் வந்து அதில்தான் கூடுவார்கள். குதிரைகளின் வாலுக்குக்கூட ரிப்பன் கட்டியிருக்கும். அங்கே நின்று செபம் சொல்லி, பாட்டுப் பாடிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். அந்த நிலம் ஒரு ஆளுக்குச் சொந்தமாக இருந்ததில்லை, ஊருக்கே பொது. கிழக்கு ஜெர்மனி என்று தனி நாடு இருந்த காலத்தில் நிலக்கரி தோண்டவென்று பறித்தார்கள். சுரங்கம் அதுவரைக்கும் வரவில்லை. பறித்தது மட்டும் நின்றுவிட்டது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு நிலம் கைமாறிக் கைமாறி ஒரு கம்பனியிடம் போனது. பழைய சுரங்கக் குழியெல்லாம் தண்ணீர் நிரம்பி இப்போது ஏரி. ஏரியைப் பார்க்க விடுமுறை வீடுகள் கட்டப்போவதாகக் கம்பனி சொன்னது. எங்களைக் கேட்காமல் எடுத்த நிலம், திருப்பித் தாருங்கள் என்று ஊர் சொன்னது.

2. எனக்காகப் பாஷை மாற்ற வேண்டாம்

இந்தச் சனத்திடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பத்துப் பேர் இருந்து சோர்பியப் பாஷையில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஜெர்மன்காரர் கதவைத் திறந்தால் பத்துப் பேரும் ஜெர்மனுக்கு மாறிவிடுவார்கள். யாரும் சொல்வதில்லை, தானாக மாறும். விளங்காத ஆளுக்கு முன்னால் சொந்தப் பாஷை கதைப்பது மரியாதை இல்லை என்று வளர்த்திருக்கிறார்கள்.

நான் குசினிக்குள் போன முதல் நாளும் எனக்காக மாறினார்கள். ஹங்காவின் தகப்பன் ஜூரி, குதிரைக்காரர்களுக்கு மூத்தவர், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவர்கூட மகளோடு ஜெர்மனில் கதைத்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

“செஃபின், எனக்காக ஏன் கஷ்டப்படுறியள்? எனக்கு உங்கட பாஷையும் விளங்காது, ஜெர்மனும் அரைவாசி விளங்காது. நீங்கள் எதில கதைச்சாலும் எனக்கு ஒண்டுதான். சுகமானதில கதையுங்கோ” என்றேன்.

ஜூரி கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு மாறினவர்கள்தான். எனக்கு முன்னால் பிறகு ஜெர்மன் கதைத்ததே இல்லை. நானும் காதில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டேன். பொலிவ்கா என்றால் சூப். ஹாய் என்றால் ஓம். ஹோதோவா என்றால் ஆயத்தமா என்று கேட்பது. குசினியில் இதற்குமேல் பாஷை தேவையில்லை. பதிலுக்கு நான் அந்தாளை ‘ஜூரி அண்ணை’ என்று கூப்பிடப் பழக்கிவிட்டேன்.

3. சூப் ஆறின நாள்

திரும்பவும் கூட்டத்துக்கு வருகிறேன். நிலம் பற்றி விசாரிக்க மாவட்ட அலுவலகத்தில் இருந்து ஒரு அம்மா எங்கள் கடை மண்டபத்துக்கு வந்திருந்தார். நல்ல மனுசி, ஆனால் எழுதுகிற கை நிற்காது. அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். இந்த ஊரின் வழக்கம் உண்மையாகவே உயிரோடு இருக்கிறதா, அல்லது வருசத்தில் ஒருநாள் போடுகிற வேசமா? உயிரோடு இருந்தால், அந்தப் புல்வெளியில் கட்ட விடுவது லேசில்லை. வேசமென்றால் அடுத்த மாதமே மண்வெட்டும் மெசின் வரும்.

கம்பனிக்காரர் நல்ல தன்மையாகத்தான் கதைத்தார். “நாங்களும் மதிக்கிறம். விடுமுறை வீடுகளுக்கு நடுவில மரத்தால ஒரு குதிரை செய்து வைப்பம். பிள்ளையள் ஏறி விளையாடலாம்.”

“அது எங்க போகும்?” என்று ஜூரி அண்ணை கேட்டார்.

“மரக்குதிரை எங்கயும் போகாது.”

“அதுதான் கேட்டனான்.”

அலுவலக அம்மா கேட்டார். “காலமையில இருந்து நான் இஞ்ச இருக்கிறன். எல்லாரும் வடிவான ஜெர்மன் கதைக்கிறியள். உங்கட பாஷையில ஒரு சொல்லும் என்ர காதில விழேல்லை. வீட்டில கதைக்கிறனீங்களோ?”

“ஓம், கதைக்கிறனாங்கள்” என்றது சனம், ஜெர்மனில்.

“இஞ்ச ஏன் கதைக்கேல்லை?”

“நீங்கள் இருக்கிறியளே” என்றார் ஜூரி அண்ணை.

அந்த அம்மா குனிந்து எழுதினார். கம்பனிக்காரர் பக்கத்தில் இருந்தவருக்கு, எங்கள் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, “மியூசியம்” என்றார். ஹங்காவின் முகம் வெளுத்துப்போனது. ஆத்திரத்தில் எழும்பிக் குசினி யன்னலுக்கு வந்தவர், என்னைக் கண்டதும் வழக்கம்போலக் கேட்டார்.

“பொலிவ்கா ஹோதோவா?”

“ஹாய், ஹோதோவா” என்றேன். சூப் பிந்துவதைப் பற்றி அவர் இன்னும் ஏதோ தன் பாஷையில் புறுபுறுத்தார். நானும் விளங்கினமாதிரித் தலையாட்டினேன்.

எழுதின கை நின்றது.

“இவ ஆர்?” என்று கேட்டார் அலுவலக அம்மா.

“எங்கட குசினியில வேலை செய்யிறவ. இலங்கை.”

“இலங்கைக்காரியோட உங்கட பாஷை கதைக்கிறியள். என்னோட கதைக்க மாட்டியளோ?”

ஜூரி அண்ணை யோசித்துவிட்டுச் சொன்னார். “இவ ஜெர்மன்காரி இல்லையே.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. கம்பனிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு வெளிநாட்டுக் கிழவியைச் சாட்சியாக் கூப்பிடுறியளோ?” என்றார்.

“சாட்சி சொல்ல வரேல்லை ஐயா, சூப் ஆறுது” என்றேன்.

அந்த அம்மா பேனையை வைத்துவிட்டார். “இந்தப் பகுதியில அரசாங்க ஆக்களோட உங்கட பாஷையில கதைக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஒருத்தரும் கேக்கேல்லை எண்டதால நான் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவரேல்லை. இப்ப கேக்கிறியளோ?”

கேட்டார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து ரீச்சர் மொழிபெயர்க்க வந்து உட்கார்ந்தார். ஜூரி அண்ணை எழும்பினார். அப்போதுதான் சிக்கல் தொடங்கியது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து இரண்டு சொல் தன் பாஷையில் சொன்னார், மூன்றாவது சொல் ஜெர்மனில் வந்தது. திரும்பத் தொடங்கினார், திரும்பவும் அப்படியே. நெற்றி வியர்த்துவிட்டது. புல்வெளி தன் வாயால்தான் போகப்போகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் அந்த வாய் சொல்வழி கேட்கவில்லை.

கடைசியில் என்னைப் பார்த்தார். “இஞ்ச வந்து எனக்கு முன்னால நில்” என்றார்.

ஏப்ரனோடு போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்துக் கதைத்தார். ரீச்சர் அதை அலுவலக அம்மாவுக்குச் சொன்னார். எந்த மூலையில் முதல் பாட்டுத் தொடங்கும், யார் வீட்டார் கொடி பிடிப்பார்கள், நிலத்தைப் பறித்த காலத்திலும் எப்படிக் களவாகப் போய்க் கூடினார்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் “ஹாய்” போட்டேன். அவர் முடிக்க ஹங்கா வந்து எனக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பிறகு அடுத்த வீட்டுக்காரர். பிறகு வரிசையே வந்துவிட்டது. ஒரு கிழவர் அழுதார். தோளில் தட்டி, “பொலிவ்கா” என்றேன். வேறு சொல் எனக்குத் தெரியாது.

“இது கூத்து” என்றார் கம்பனிக்காரர்.

“இருங்கோ” என்றார் அந்த அம்மா. “இண்டைக்குத்தான் எனக்கு முதல்முதல் பதில் கிடைக்குது.”

சூப் நல்லாய் ஆறிப்போனது. சனம் அதை அப்படியே குடித்தது. பிறகு எல்லோரும் புல்வெளியைப் பார்க்கப் போனார்கள். நான் சட்டி கழுவப் போனேன்.

4. முடிவு

நிலம் ஊருக்குத் திரும்பி வரவில்லை. உறுதிப் பத்திரம் இன்றைக்கும் கம்பனியின் பெயரில்தான். ஹங்கா அதை நினைத்தால் இப்போதும் கோப்பைகளைச் சத்தமாக வைப்பார். ஆனால் புல்வெளியில் கட்ட அனுமதி கொடுக்கவில்லை, ஈஸ்டர் பவனிக்கு அதை விடவேண்டும் என்று மாவட்ட அலுவலகத்தில் இருந்து தீர்ப்பு வந்தது. வீடுகளைப் பைன் காட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். இந்த ஈஸ்டருக்கும் குதிரைகள் வந்து நின்றன. புல் மேய்ந்தன, சாணம் போட்டன, ஒன்று பாதிரியாரின் தொப்பியைக் கடித்தது. நான் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தேன்.

வெளிநாட்டில் வேலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று நெடுக நினைத்தேன். மரியாதைக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பதை, உங்களிடம் அது இல்லவே இல்லை என்று ஒருவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். கெட்ட எண்ணத்தில்கூட இல்லை, கேட்டதைத்தான் எழுதுவார். அதனால் கொஞ்சம் மரியாதைக் குறைவாகவும் இருந்து பழகுங்கள். எனக்கு அது இயல்பாகவே வரும். வராதவர்கள் ஓய்வான நேரத்தில் வந்தால் சொல்லித்தருவேன், உருளைக்கிழங்கு உரிக்கவும் ஆள் தேவை.