தகரக் கூரைமேல் பதினான்கு கல்

டிசம்பர் 3, மாலை 4.20. காக்களூரில் மழை விட்டிருந்தது; புயல் காற்று மட்டும் விடவில்லை.

எங்கள் மாடித் தகரக் கூரையில் முப்பத்தாறு போல்ட். ஒன்பது துருப்பிடித்திருந்ததால், மாற்றிவிடச் சொல்லியிருந்தார் கூரை போட்ட ஃபிட்டர். நானோ தெருவில் எல்லோரும் செய்வதுபோல், தகரம் பறக்காமலிருக்க முந்தின நாளே அதன் ஓரமாகப் பதினான்கு ஹாலோ பிளாக் கல்லை வரிசையாக ஏற்றிவைத்தேன். ஆனாலும் மனம் அடங்கவில்லை. ஐந்து முறை வாசலுக்கு வந்து அண்ணாந்து எண்ணிவிட்டேன். ஆறாவது முறை எண்ணும்போது என் மனைவி வந்துவிட்டாள்.

"எத்தினி வாட்டிதான் எண்ணுவீங்க? கல்லு இன்னா குட்டியா போடப்போவுது? காபி ஆறிப்போவுது, வாங்க!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

இரண்டு அடி வைத்திருப்பேன். தகரம் படபடவென எழும்பியது. நான் நின்றிருந்த இடத்திலேயே ஒரு கல் விழுந்து நொறுங்கியது.

மறுநாள் ஃபிட்டர் வந்து பார்த்தார். "பெருசு, கல்லு எங்க தகரத்த புடிக்கும்? காத்து தூக்குச்சுன்னா அதையும் சேத்து தள்ளிவுட்டுரும். போல்ட்டுதான் புடிக்கணும்" என்றார்.

இப்போது கூரைமேல் ஒரு கல்கூட இல்லை. வருடாவருடம் ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு போல்ட்டாகச் சோதிக்க ஆள் வைக்கிறேன். ஃபிட்டர் வந்த அன்றே முப்பத்தாறையும் ரப்பர் வாஷரோடு மாற்றியதற்கு, கூலி உட்பட, காபி நீங்கலாக, ஆன செலவு 2,340 ரூபாய்.