கட்டினால்தான் கட்டுமரம்

கட்டுமரம் என்றால் கட்டிய மரம். இதற்கு அகராதி வேண்டாம். ஆணி கிடையாது, கயிறுதான். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவோம். மறுநாள் திரும்பக் கட்டினால்தான் கடலுக்குப் போக முடியும்.

ஐம்பதுகளில், மணமேல்குடிப் பக்கம், அப்பாவின் காரியம் முடிந்ததும் சித்தப்பா வந்தார். எங்கள் நாலு மரங்களும் அவிழ்ந்து கிடந்தன.

“பொம்பளைங்க வச்சு என்ன செய்யப் போறீங்க? எங்கப்பன் சொத்து. ரெண்டு எனக்கு, ரெண்டு ஒங்களுக்கு.”

இரண்டு மரத்தில் யாரும் கடலுக்குப் போக முடியாது. அது அவருக்கும் தெரியும். ஆத்தாவின் தம்பி, எங்கள் மாமா, எங்களுக்காகக் கடலில் பாய் விரிக்கக் கூடாது, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெண்கள் மரத்தைத் தொடக்கூடாது என்பார்கள். ஆத்தா கயிற்றின் ஒரு முனையை என்மேல் எறிந்தாள். “இழுடி!” அவர் கண்ணெதிரே நாலையும் சேர்த்து இறுக்கிக் கட்டினோம்.

“இப்பக் காட்டுங்க கொழுந்தனாரே, ஒங்க பாதி எங்கிட்டு இருக்கு?”

அவர் முடிச்சில் கை வைத்தார். நான் துடுப்பை எடுத்தேன். கையை எடுத்துவிட்டார்.

அதன்பிறகும் மரங்களை அவிழ்த்துத்தான் காயப்போட்டோம். கயிறு மட்டும் ஆத்தாவின் மடியில் இருந்தது.